தீவின் படமும் தமிழின் சொல்லும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் எளிமையானது. பள்ளி விடுமுறை வருகிறது. குடும்பத்தோடு ஒரு தீவுக்குச் செல்கிறோம். அது லங்காவியாக இருக்கலாம், தியோமானாக இருக்கலாம், பிந்தானாக இருக்கலாம். தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு, காலையில் படகேறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் சிங்கப்பூரின் தென்தீவுகள் இருக்கின்றன. சென்ற இடத்தில் படங்கள் எடுக்கிறோம். திரும்பியதும் அவற்றை உற்றாருக்கும் நண்பருக்கும் அனுப்புகிறோம். இவ்வளவுதான் செய்தி. இதில் மொழிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மொழிக்கு இதில் பெரிய வேலை ஒன்று இருக்கிறது என்பதும், அந்த வேலை நம் கண்முன்னேயே கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும், அதை மீட்பது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இயலக்கூடியதே என்பதும் இன்று நாம் சொல்ல வந்த கருத்துகள்.

1. மடியில் இருந்த தொகுப்பேடு

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள், 1844இல், ஜூல்ஸ் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரின் ஆற்றங்கரைக் காட்சியைப் படமாக்கினார். இக்கலைக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பல. புகைப்படம் என்றனர், நிழற்படம் என்றனர், ஒளிப்படம் என்றனர். பேச்சுவழக்கில் 'படம் பிடித்தல்' என்பதே நிலைத்தது. மீனைப் பிடிப்பதுபோல, கையைப் பிடிப்பதுபோல, ஓடும் காலத்தில் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. பிடித்ததை என்ன செய்வது என்பதே இன்றைய வினா.

சுருள் பயன்படுத்திய காலத்தில் ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்கள்தாம் எடுக்க முடியும். ஆகவே, எதை எடுப்பது என்று எண்ணி எடுத்தனர். சுருளைக் கடையில் கொடுத்து, கழுவி வரும்வரை காத்திருந்தனர். வந்த படங்களின் பின்புறத்தில் நாளையும் ஊரையும் மையால் எழுதினர். பின்னர் அவை தொகுப்பேட்டில் ஒட்டப்பட்டன. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அந்த ஏடு மடியில் விரிக்கப்படும். ஒருவர் பக்கத்தைப் புரட்டுவார். சுற்றி அமர்ந்தவர்கள் கேட்பார்கள். "இது யார், சித்தப்பாவா?" "இந்தப் படகில் ஏறும்போதுதான் அத்தையின் செருப்பு கடலில் விழுந்தது." "அன்று மழை. அதனால்தான் எல்லாரும் கொட்டகைக்குள் நிற்கிறோம்." படம் ஒரு கணத்தைக் காட்டியது, முழுநாளையும் காட்டியது பேச்சு. அந்தப் பேச்சு நம் வீடுகளில் தமிழில் நடந்தது.

இன்று ஒருவர் ஒரே பிற்பகலில் இருநூறு படங்களைத் தம் கைப்பேசியில் எடுக்கிறார். அவர் படகிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவற்றுள் இருபது குடும்பக் குழுவைச் சென்றடைகின்றன. மறுமொழியாகக் கட்டைவிரல் ஒன்றும் இதயம் இரண்டும் வருகின்றன. அன்போடு அனுப்பப்படுபவைதாம் அவை. அவற்றை நாம் குறைசொல்லவில்லை. ஆனால், படம் விரைந்து போய்ச் சேர்ந்துவிட்டபடியால், சொல் போகவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. மாலையில் நேரில் சந்திக்கும்போது, "படங்களைத்தான் பார்த்துவிட்டோமே" என்று கேட்கவேண்டியதையும் கேளாமல் விடுகிறோம்.

இது மொழிக்கு ஏன் கவலை தரவேண்டும்? சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொல்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். வீட்டுமொழி ஒரே நாளில் மறைவதில்லை. ஒவ்வொரு பேச்சுத் தறுவாயாக அது விலகுகிறது. வழிபாட்டுக்கும் வகுப்புக்கும் தேர்வுக்கும் தமிழ் இருக்கும். சிரிப்புக்கும் விடுமுறைக்கும் வேறு மொழி இருக்கும் என்ற நிலை வந்துவிட்டால், குழந்தையின் உள்ளத்தில் தமிழ் கடமையின் மொழியாக மட்டும் எஞ்சும். மகிழ்ந்த நாளைப் பற்றிப் பேசப் பயன்படாத மொழியை ஒருவர் தம் பிள்ளைக்கு விரும்பிக் கொடுப்பதில்லை. ஆகவே, விடுமுறைப் படங்களோடு தமிழ் போகிறதா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றினாலும் சிறிய கேள்வி அன்று.

2. பெயருக்குள் இருக்கும் தீவு

படத்தால் காட்ட முடியாதவற்றுள் முதலாவது பெயர். நம்மில் செந்தோசாவுக்குச் செல்லாதவர் குறைவு. அங்கு எடுத்த படம் இல்லாத வீடும் குறைவு. அப்பெயரைச் சற்று நின்று கேட்டால் நமக்குப் பழக்கமான ஒலி ஒன்று அதில் இருக்கிறது. மலாய் மொழியில் அமைதி, நிம்மதி என்னும் பொருள்தரும் அச்சொல், வடமொழியின் 'சந்தோஷ' என்பதிலிருந்து வந்தது. நாம் நாள்தோறும் 'சந்தோஷம்' என்று சொல்வதும் அதே மூலத்திலிருந்து வந்ததே. மலாயும் தமிழும் ஒரே சொல்லைத் தத்தம் வழியில் எடுத்து வளர்த்துக்கொண்டதற்கு ஒரு தீவே சான்றாக நிற்கிறது.

ஆனால், அத்தீவுக்கு அப்பெயர் 1970களில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் அதன் பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. 'பிளாக்காங்' என்றால் பின்புறம். 'மாத்தி' என்றால் இறப்பு. அப்பெயர் ஏன் வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பிரிட்டிஷார் அங்குக் கோட்டைகளையும் படைவீடுகளையும் கட்டினர். சிலோசோ கோட்டையின் பீரங்கிகளை இன்றும் காணலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தபின், அருகிலிருந்த கடற்பகுதியில் சுட்டுக்கொல்லப்பட்ட சீனர் பலரின் உடல்கள் அத்தீவின் கரையில் ஒதுங்கின. இன்று அதே கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டுகிறார்கள். கட்டட்டும், கட்டவேண்டும். துயரம் நிகழ்ந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது நம் கருத்தன்று. ஆனால், ஒரு படத்தில் ஒரே பெயர்தான் தெரிகிறது. சொல்லத் தெரிந்தவருக்கு இரு பெயர்களும் தெரியும். இரு பெயர்களும் தெரிந்த குழந்தை, தான் நிற்கும் மண்ணை நன்றாக அறிந்த குழந்தை.

3. முன்னோர் கண்ட முதற்கரை

அடுத்து, செயின்ட் ஜான்ஸ் தீவு. மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து அங்குப் படகு செல்கிறது. பாலம்போன்ற ஒரு கரைவழி அதை லாசரஸ் தீவோடு இணைக்கிறது. வெண்மணலும் நீலநிற நீரும் நிழல்மரங்களும் உள்ள அப்பகுதி, இன்று வார இறுதிப் படங்களில் மிகுதியாகத் தோன்றுகிறது. மலாய் மொழியில் அதன் பழம்பெயர் பூலாவ் சாக்கிஜாங் பெண்டேரா.

1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியது. அதன்பின், 1874இல், அத்தீவில் தொற்றுத்தடை நிலையம் அமைக்கப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த கப்பல்களில் தொற்றுநோய் ஐயம் எழுந்தால், பயணிகள் நகருக்குள் விடப்படாமல் அங்கு இறக்கப்பட்டனர். பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்த ஏழைப் பயணிகளே இவ்வாறு தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களைக் குளிக்கச் செய்தனர், உடைகளை நீராவியில் இட்டு நச்சுநீக்கினர், அம்மை குத்தினர், குறித்த நாள்கள் கழியும்வரை வைத்திருந்தனர். மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளும் அங்குத் தங்கவைக்கப்பட்டதுண்டு. பின்னர் அத்தீவு அரசியல் கைதிகளின் காவலிடமாயிற்று. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபராக விளங்கிய தேவன் நாயர் 1950களின் தொடக்கத்தில் அங்குக் காவலில் இருந்தார். 1955இல் அபின் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான நிலையமும் அங்கு வந்தது. 1975இல்தான் அது விடுமுறைத் தீவாக மாறியது.

மலேசியாவில் இதற்கு இணையான கதை பூலாவ் ஜெரெஜாக்கின் கதை. பினாங்குத் தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணையில், பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே அது பச்சைக் குன்றாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அங்குத் தொழுநோயாளர் இல்லமும் தொற்றுத்தடை நிலையமும் இருந்தன. 1969இலிருந்து 1993வரை அது சிறைத்தீவு. பின்னர் அங்கு உல்லாச விடுதி எழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் முதலில் தொடும் மலாயாத் துறைமுகம் பினாங்கு. கங்காணிகள் மூலம் தோட்டங்களுக்கு ஆளெடுத்த காலத்தில், அதாவது உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை, வங்கக் கடலைக் கடந்துவந்த தமிழருள் எண்ணற்றோர் இந்நாட்டில் மிதித்த முதல் மண் ஒரு தீவின் மண். அவர்களைப் பொறுத்தவரை தீவு என்பது ஓய்வுக்கு வந்த இடமன்று. உள்ளே விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா, உடன்வந்த குழந்தை பிழைக்குமா என்று காத்திருந்த இடம்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அவ்வாறு காத்திருந்தவரிடம் படக்கருவி இல்லை. அவருடைய தீவு நாள்களுக்கு ஒரு படமும் இல்லை. அவரிடம் இருந்தது சொல் மட்டுமே. கஞ்சியின் சுவையையும் கந்தகப் புகையின் நெடியையும் தலையெண்ணியவரின் குரலையும் அவர் மகனிடம் சொன்னார். மகன் பேரனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். கொள்ளுப்பேரனோ அதே வகைத் தீவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று இருநூறு படங்களோடு திரும்புகிறான். அவனிடம் படம் இருக்கிறது; சொல் இல்லை. முன்னவரின் சொல்லும் பின்னவனின் படமும் ஒரே வீட்டுக்குள் சந்திக்குமாறு செய்வதைவிடப் பெரிய மொழிப்பணி எது?

வரலாற்றை விடுமுறையின் மீது பாரமாக ஏற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மணலில் ஓடும் பிள்ளையை நிறுத்தி நூறாண்டுத் துயரத்தை ஓதவேண்டியதில்லை. படகில் திரும்பும்போது, "நம் பாட்டனார் கப்பலில் வந்தபோது இதுபோன்ற ஒரு தீவில்தான் இறக்கினார்களாம்" என்ற ஒரே தொடர் போதும். அத்தொடரைத் தமிழில் சொல்லும்போது அதன் முழு எடையும் பிள்ளைக்கு வந்துசேரும். பாட்டனார் அதைத் தமிழில்தான் சொன்னார்.

4. நெய்தல் நம் கரையிலும் உண்டு

படத்தில் தெரிகிறவற்றுக்கேனும் நமக்குப் பெயர் தெரியுமா? பெரும்பாலான விடுமுறைப் படங்களில் பின்னணியாக ஒரு கொடி படர்ந்திருக்கும். இளஞ்செம்மை கலந்த ஊதாப் பூக்கள்; இரண்டாகப் பிளவுபட்ட தடித்த இலைகள்; மணலைப் பற்றிக்கொண்டு கடலை நோக்கி நீளும் தண்டு. மாணவரைக் கேட்டால் "ஏதோ ஒரு கொடி" என்பார். அதுதான் அடும்பு. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் அதே அடும்பு. அதன் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. மலாய் மக்கள் அதனைத் 'தாப்பாக் கூடா' என்கின்றனர். குதிரையின் குளம்பு என்பது பொருள். அதன் அறிவியற் பெயரோ இலத்தீன் மொழியில் ஆட்டின் கால் என்று பொருள்படுகிறது. ஒரே இலையைப் பார்த்து, தமிழர் மானை நினைத்தனர். மலாய்க்காரர் குதிரையை நினைத்தனர். ஐரோப்பியர் ஆட்டை நினைத்தனர். வகுப்பறையில் ஒரு பாடவேளை முழுவதும் பேசுவதற்குரிய செய்தி இந்த ஓர் இலையில் இருக்கிறது.

அடும்பு மட்டுமன்று. கரையோரத்தில் கரும்பச்சை இலைகளும் வெண்பூக்களும் உருண்டைக் காய்களுமாக நிழல்தரும் மரம் புன்னை. நீண்ட வாள்போன்ற இலைகளின் ஓரத்தில் முள்ளோடு, விழுதுகளை ஊன்றி நிற்பது தாழையின் இனம். மஞ்சள் பூவும் நெஞ்சுவடிவ இலையும் கொண்டது பூவரசு. சேற்றில் வளைந்த வேர்களை ஊன்றி நிற்பது கண்டல். அவ்வகை மரங்கள் செறிந்த காட்டைத் தமிழர் அலையாத்திக் காடு என்றனர். அலையின் சீற்றத்தை ஆற்றுவது என்ற பொருள் அப்பெயரிலேயே இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் உலகம் பேசிய கரைக்காப்பு என்னும் கருத்து ஒரு பழஞ்சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

பிள்ளைகள் கரையில் செய்வனவற்றுக்கும் பெயர்கள் உண்டு. மணலில் கட்டும் சிறுவீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். நண்டைத் துரத்தி விளையாடுவதற்கு அலவனாட்டுதல் என்று பெயர். அலவன் என்றால் நண்டு. நெய்தல் நிலத்துப் பெண்பிள்ளைகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடிய ஆட்டங்கள் இவை. சென்ற வாரம் தம்பியோ தங்கையோ நண்டின் பின்னே ஓடிய ஒளிக்காட்சி உங்கள் கைப்பேசியில் இருக்குமானால், அது சங்க இலக்கியத்துக்கு எழுதப்படாத உரை. நெய்தலைத் தமிழ்நாட்டுக் கரைக்கு மட்டும் உரிய திணையாக, தேர்வுக்கு மனனம் செய்யும் கருப்பொருள் பட்டியலாக நாம் கற்பித்துவிடுகிறோம். அதன் கருப்பொருள்களுள் பல இங்கேயே, படகுக் கட்டணத் தொலைவில் நிற்கின்றன. பட்டியலை மனனம் செய்த மாணவர் அதை மறப்பார். தாம் எடுத்த படத்தில் புன்னையைக் கண்டுகொண்ட மாணவர் மறக்கமாட்டார்.

5. பெயர் சொன்னதால் பிழைத்த கரை

பெயர் சொல்லுதல் வெறும் புலமைப் பொழுதுபோக்கு என்று எவரேனும் எண்ணினால், அவருக்குச் செக் ஜாவாவின் கதையைச் சொல்வோம். பூலாவ் உபினின் கிழக்கு முனையில் உள்ளது செக் ஜாவா. கற்சுரங்கங்களுக்குப் பேர்பெற்ற தீவு உபின். பெத்ரா பிராங்காவில் 1851இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அத்தீவின் கருங்கல்லால் ஆனது. அத்தீவின் கிழக்குக் கரையை மண்ணிட்டுத் தூர்க்கும் திட்டம் இருந்தது. 2001ஆம் ஆண்டில் அங்குச் சென்ற இயற்கை ஆர்வலர்கள், நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் கடற்புல் வெளியையும், அதில் வாழும் நட்சத்திர மீன், கடலட்டை, கடற்பஞ்சு முதலியவற்றையும் கண்டனர், படமெடுத்தனர், ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்தனர், பிறருக்குக் காட்டினர். கரை மறைவதற்குள் ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று மக்கள் திரண்டு சென்றனர். அரசாங்கத்துக்குக் கருத்துகள் எழுதப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் தூர்க்கும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்று அங்கு மரப்பலகை நடைபாதையில் மாணவர்கள் நடந்து செல்கிறார்கள்.

அங்கும் படங்கள்தாம் பகிரப்பட்டன. ஆனால், அவை வாய்பேசாத படங்களாகப் போகவில்லை. இது இன்னது, இது இங்கே வாழ்கிறது, இது இல்லாமற்போகும் என்ற சொற்களோடு போயின. 'அழகான கரை' என்று மட்டும் எழுதியிருந்தால் அழகான கரைகள் வேறு எங்கும் உண்டு என்று விடை வந்திருக்கும். பெயர் சொன்ன பிறகே அது ஈடற்ற கரை ஆயிற்று.

6. வகுப்பறையில் செய்யத்தக்கவை

இனி ஆசிரியர்களோடு சில சொற்கள். விடுமுறை முடிந்ததும் நாம் கட்டுரை எழுதச் சொல்கிறோம். 'நான் சென்ற தீவு' என்பது தலைப்பு. வரும் கட்டுரைகளில் கடற்காற்று உடலைத் தழுவுகிறது, அலைகள் தாலாட்டுகின்றன, கதிரவன் செந்நிறத் தட்டாகக் கடலில் மூழ்குகிறான், இறுதியில் அது மறக்க முடியாத அனுபவமாக அமைகிறது. இத்தொடர்களில் பிழை இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், இவற்றை எந்தத் தீவுக்கும் எந்தக் குடும்பத்துக்கும் ஒட்டலாம். தாம் கண்டதை எழுதாமல், தமிழில் இப்படித்தான் எழுதவேண்டும் போலும் என்று நினைத்து மாணவர் எழுதியவை இவை. உண்மையில் நடந்தது வேறாக இருக்கும். படகு கிளம்பத் தாமதமாயிற்று, தங்கைக்குக் குமட்டியது, அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் குரங்கு பறித்துக்கொண்டது, அப்பா முதன்முறையாக நீரில் இறங்கி, முழங்கால் அளவிலேயே நின்றுவிட்டார். இவற்றை எழுதத் தமிழில் சொல்லுண்டு என்று மாணவருக்குத் தெரிந்தால், அலை தாலாட்டவேண்டிய தேவை இராது.

இதற்குப் பெரிய முன்னோடி ஒருவர் நமக்கு உண்டு. ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். 'குமரி மலர்' இதழை நடத்தியவர். கருவியைக் கையாளத் தெரிந்த அவரே தமிழின் சிறந்த பயணநூல் ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார். படம் எடுக்கத் தெரிந்தவருக்கு எழுத்து வேண்டாம் என்று அவர் கருதவில்லை. படத்தால் சொல்ல முடிந்ததைப் படத்துக்கு விட்டு, முடியாததை எளிய தமிழில் எழுதினார்.

எனவே, ஒரு சிறு பயிற்சியை முன்வைக்கிறோம். விடுமுறைக்குப்பின் மாணவர் இருநூறு படங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். அதற்குக் கீழே ஐந்து தொடர்கள் எழுதட்டும். முதல் தொடரில், படத்தில் இருப்போர் யார், அவர்களை எப்படி அழைக்கிறோம் என்பது. இரண்டாவதில், இடத்தின் பெயரும் நாளும். மூன்றாவதில், படத்துக்கு வெளியே நின்றவர் யார், படமெடுத்தவர் யார், அப்போது கேட்ட ஒலி என்ன என்பது. நான்காவதில், படத்தில் தெரியும் ஓர் உயிருக்கோ பொருளுக்கோ தமிழ்ப்பெயர். ஐந்தாவதில், அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டறிந்த செய்தி. இந்த ஐந்தாவது தொடருக்காகவே மாணவர் தாத்தாவிடமோ பாட்டியிடமோ தமிழில் பேசியாகவேண்டும். அதுதான் இப்பயிற்சியின் உட்பயன். தாத்தா இன்று சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்துவைக்கலாம். சிங்கப்பூரில் 1979இலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, எளிய மக்களின் நினைவுகளும் அவரவர் மொழியில் பதிவாகி வருகின்றன. நாடு செய்வதை ஒவ்வொரு வீடும் சிறிய அளவில் செய்யலாம்.

இதில் ஒரு நடைமுறைக் காரணமும் அடங்கியிருக்கிறது. கைப்பேசி எடுக்கும் படக்கோப்புக்குள் நாளும் நேரமும், இட அறிதல் வசதி திறந்திருந்தால் இடமும் பதிவாகின்றன. எல்லாம் கருவியிலேயே இருக்கிறதே என்று நாம் நம்பி விடுகிறோம். ஆனால், வாட்ஸ்அப் போன்ற செயலி வழியாகப் படத்தை அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது. அந்தக் குறிப்புகள் உதிர்ந்துபோகின்றன. மூன்று கை மாறிய படம் எந்த நாளில் எடுத்தது என்று சொல்ல வழியில்லை. கருவி பழுதடைந்தால் மூலமும் போய்விடும். மையால் பின்புறம் எழுதிய பழைய படம் ஐம்பதாண்டு கழித்தும் தன் கதையைச் சொல்கிறது. நேற்றைய படம் நாளை அநாதையாகிறது. ஆகவே, சொல் என்பது படத்துக்கு அணிகலன் மட்டுமன்று. அதன் அடையாளச் சீட்டும் அதுவே.

மாணவர்களுக்கு ஒரு கருத்து. பகிர்வதற்கு அளவும் உண்டு. உடன் இருப்பவரின் ஒப்புதல் கேட்டுப் பகிருங்கள். வீடு பூட்டியிருக்கும் நாள்களைப் பொதுவெளியில் அறிவிக்காதீர்கள். ஆமை முட்டையிடும் இடத்தையோ பவளத் திட்டையோ கண்டால், கூட்டம் அங்குக் குவிந்துவிடாதவாறு எண்ணிச் சொல்லுங்கள். படம் எடுப்பதற்காக நட்சத்திர மீனை நீரைவிட்டு வெளியே தூக்காதீர்கள். நீருக்கு வெளியே அதற்கு மூச்சில்லை. நினைவைக் கொண்டுவரச் சென்றவர்கள் கரையைக் குறைத்துவிட்டு வரலாகாது.

நிறைவாக

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுவோம். படம் கணத்தைக் காட்டும். பெயரையும், முன்பு நிகழ்ந்ததையும், படத்துக்கு வெளியே நின்றவரையும் காட்டாது. அவற்றைச் சொல்லே காட்டும். தீவுகளில் நம் முன்னோரின் நினைவும், நெய்தலின் மரஞ்செடிகளும், அண்டை இனத்தாரின் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் சொல்லும் வீட்டில் தமிழ் மகிழ்ச்சியின் மொழியாக இருக்கும்; மகிழ்ச்சியின் மொழியாக இருக்கும்வரை அதைக் காப்பாற்றுங்கள் என்று எவரும் எவரையும் வேண்டிக்கொள்ளவேண்டியதில்லை.

ஜூன் விடுமுறை நெருங்குகிறது. நீங்கள் எத்தீவுக்குச் சென்றாலும் நல்லபடியாகச் சென்று வாருங்கள். வந்ததும் ஒரே ஒரு படத்தையேனும் அச்சிட்டு, அதன் பின்புறத்தில் யார், எங்கே, எப்போது என்று தமிழில் எழுதிவையுங்கள். அதை வீட்டிலுள்ள மூத்தவரின் கையில் கொடுத்து, அவர் பேசத் தொடங்கும்வரை பக்கத்தில் அமர்ந்திருங்கள்.